பட்டறையில் செய்து மாட்டிய பெட்ரோல் டேங்க்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

என் அம்பாசிடரின் பழைய டேங்க் அடித்தகடு சல்லடையாகிப் போனதும், காட்பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் 16 கேஜ் தகட்டில் 40 லிட்டருக்கு ஒரு டேங்க் செய்து டிக்கிக்குக் கீழே மாட்டினேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வேலூர்த் தெருவில் தினமும் ஓடுகிற வண்டி, கல்லும் மண்ணும் வேகத்தடையும் தாங்க வேண்டுமே என்று டேங்க்குக்குக் கீழே ஒரு இரும்புத் தகடு, நடுவில் மெத்தை மாதிரி சாக்கு, வெளியே கெட்டியாகக் கருப்புப் பூச்சு, நாலு மூலையிலும் இறுக்கிய போல்ட் என்று எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டு மழைக்காலம் போய்க் கழற்றிப் பார்த்தபோது சாக்கு தொட்ட இடமெல்லாம் துரு தின்றிருந்தது, ஒரு மூலை வெல்டிங்கில் முடியளவு விரிசல். புது டேங்க் அடித்துக் கொடுத்த பாய் சொன்னது இது: "சார், டேங்க்க கட்டிப் போடாதீங்க. தொங்க விடுங்க, மூச்சு விட விடுங்க, கீழ தண்ணி நிக்காம பாத்துக்கங்க." கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சின் விரிவுதான்.

முதலில் உயிர் விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பட்டறைக் குழிக்கு மேலே நிறுத்தி டேங்க்கைக் காலி செய்யாதீர்கள். காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்க்கைவிட "காலி" டேங்க் ஆபத்தானது என்பது இதனால்தான், உள்ளே பெட்ரோல் இல்லை, ஆனால் பற்றிக்கொள்ளச் சரியான அளவில் ஆவி இருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்து, திறந்த வெளியில், எல்.இ.டி. டார்ச்சோடு வேலை செய்யுங்கள், கம்பி நீட்டிய பழைய கைபல்பு வேண்டாம். தகட்டில் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் டேங்க்கைக் கழற்றி, சோப்புத் தூள் கலந்த வெந்நீரால் பல முறை அலசி, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் வெளியே இருக்கும்படி தண்ணீர் நிரப்பிய பிறகுதான் நெருப்பைக் காட்ட வேண்டும். "ஒரு புள்ளிதானே, அப்படியே வெச்சிடலாம்" என்று யார் சொன்னாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஃபுல் டேங்க் போட்ட அன்று மட்டும் வாடை வருகிறது

இதற்கு டேங்க் ஓட்டையாக இருக்க வேண்டியதில்லை. பங்க்கில் தரைக்கடியில் கிடக்கும் பெட்ரோல் ஓரளவு குளிர்ச்சியாகவே வரும். அதைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு கத்திரி வெயிலில் கோட்டை மைதானத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினால் சூடு 20 டிகிரி ஏறுவது பெரிய விஷயமில்லை. 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் விரியும். அந்த முக்கால் லிட்டருக்கு உள்ளே இடம் இல்லையென்றால் அது மூடி வழியாகவோ, டேங்க்குக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் காற்றுக் குழாய் வழியாகவோ வெளியே வரும். கம்பெனி டேங்க்கில் இதற்கென்று மேலே காலி இடம் வருகிற மாதிரி கழுத்தையும் காற்றுக் குழாயையும் அமைத்திருப்பார்கள், பட்டறையில் செய்யும்போது பல பேர் அதைக் கவனிப்பதில்லை. பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி முதல் முறை "டக்" என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள், ரவுண்டாக்க வேண்டாம். புதிதாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் 40 லிட்டருக்கு 2 லிட்டராவது காலி இடம் நிற்கும்படி கழுத்துக் குழாயை டேங்க்குக்குள் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் வாடை நிற்கவில்லையா, கழுத்தையும் டேங்க்கையும் சேர்க்கும் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். நான் பார்த்த மூன்று வண்டிகளில் அது ரேடியேட்டர் ஓஸ் துண்டு. அளவு பொருந்துகிறது என்று போட்டுவிடுகிறார்கள், ஆனால் தண்ணீருக்குச் செய்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி வழவழவென்று ஆகிவிடும், கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரையும் கார்க் பேக்கிங்கையும் அது இன்னும் சீக்கிரம் கெடுக்கும். வாங்கும்போது ஓஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று இருந்தால் எத்தனால் பெட்ரோலுக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் தாங்கும். அதே ஓஸை டேங்க்குக்குள்ளே மூழ்கும்படி போடக்கூடாது, உள்ளும் புறமும் பெட்ரோல் படுகிற இடத்துக்கு ஆர்10 என்று தனியாக உண்டு.

டேங்க் பாதி இருந்தாலும் வாடை, டிக்கியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது

இது உடனே பார்க்க வேண்டியது, நாளைக்கு என்று வைக்காதீர்கள். பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருக்கும் ஏதோ ஒன்று ஆவியைக் கசியவிடுகிறது, பெரும்பாலும் பெட்ரோல் மீட்டரின் ஃப்ளோட், அதாவது மிதவை, உட்காரும் வட்டத்தின் பேக்கிங். கார்க் பேக்கிங் என்றால் மாற்றிவிட்டு நைட்ரைல் ரப்பரோ, முடிந்தால் வைட்டானோ போடுங்கள். திருகுகளைச் சுற்றி வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள், இல்லையென்றால் வட்டத் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

அங்கே சரியாக இருந்தால் வெல்டிங்கைச் சோதிக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை விட்டுப் பார்க்கலாம் என்று சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். 60 செ.மீ.க்கு 40 செ.மீ. தட்டையான ஒரு முகத்தில் டயர் காற்றின் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 2 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்தாலே 330 கிலோவுக்கு மேல் உள்ளிருந்து தள்ளுகிறது. பெட்டி வடிவ டேங்க் பலூன் மாதிரி உப்பி, ஓட்டை இல்லாத இடத்திலும் வெல்டிங் பிளந்துவிடும். நான் செய்வது இப்படி: டேங்க்கைக் கழற்றிக் கழுவி, எல்லாத் துளைகளையும் அடைத்து, ஒரு துளையில் மட்டும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யு மாதிரி வளைத்துச் சுவரில் கட்டி அதில் தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்து இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 50 செ.மீ. வித்தியாசம் வந்ததும் நிறுத்திவிடுவேன். அதுவே அந்த முகத்தில் 120 கிலோ. பிறகு வெல்டிங் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

சோப்புக்குப் பிடிபடாத மயிரிழை விரிசலுக்குப் பழைய பட்டறைக்காரர்கள் முறை ஒன்று இருக்கிறது. சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து வெல்டிங்கின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெயோ டீசலோ கொஞ்சம் ஊற்றி அந்தப் பக்கமாகச் சாய்த்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெள்ளையில் ஈரக்கோடு தெரியும். முதல் டேங்க்கின் விரிசலை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

கிடைத்த ஓட்டையை எபாக்ஸி பசையால் மூடுவது வீடு வந்து சேரும் வரைக்கும்தான். பாலியெஸ்டர் பிசினில் ஃபைபர் ஒட்டுவதும் எத்தனாலில் இளகிவிடும். துரு இல்லாத நல்ல தகடு தெரியும் வரை சுரண்டி, ஆர்கான் வெல்டிங்கோ கேஸ் வெல்டிங்கோ வைப்பதுதான் வழி.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தகடு மறைப்பு இருக்கிறதா? பல பழைய வண்டிகளில் அட்டை மட்டும்தான் இருக்கும். ஆவி ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வரக்கூடாது, ஒரு மெல்லிய தகட்டை வெட்டி ஓரத்துக்குப் பட்டி கொடுத்து மூடிவிடலாம்.

மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிறது, அரை மணி ஓடி வண்டி நின்றுவிடுகிறது

காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் வெற்றிடம் பம்பை எதிர்த்து இழுக்கும், இன்னும் போனால் டேங்க்கின் பக்கத் தகடே உள்ளே குழிந்துவிடும். மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள், மறுபடி கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

எங்கள் ஊரில் இதற்குப் பெரிய காரணம் குளவி. வண்டி பத்து நாள் நின்றால் போதும், விரல் நுழையும் எந்தக் குழாயிலும் மண் கொண்டு வந்து கூடு கட்டிவிடும். குழாய் முனையைத் திறந்தபடி விடாமல் பித்தளை வலை போட்ட சின்ன ஃபில்டரை மாட்டுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதிப் பாருங்கள். குழாய் டேங்க்கின் உச்சியிலிருந்து கிளம்பி, பெட்ரோல் ஊற்றும் கழுத்தைவிட உயரமாக ஏறி, பிறகு கீழே வளைந்து சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாக, வண்டிக்கு வெளியே முடிய வேண்டும். நடுவில் ஒரு கவிழ்வு வால்வு, அதாவது வண்டி புரண்டால் உள்ளே இருக்கும் குண்டு உருண்டு குழாயை அடைத்துக்கொள்கிற வகை, கட்டாயம் இருக்கட்டும். பட்டறை டேங்க்குகளில் நான் அதிகம் காணாத பொருள் இதுதான், விபத்தில் அதிகம் உதவுவதும் இதுதான்.

வேகத்தடையில் "டம்", அடித்தகட்டில் சொட்டை

சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி இருந்தால் எந்தக் காரும் இடிக்காது. ஆனால் தெருக்களில் அதே உயரத்தை ஒரு முழ அகலத்துக்குள் கூரையாக எழுப்பியிருப்பதைத்தான் தினமும் தாண்டுகிறோம். அது போக சாக்கடை மேல் போட்ட வீட்டுச் சரிவுகள் வேறு.

தரையிலிருந்து டேங்க் எவ்வளவு உயரம் என்று காலி வண்டியில் அளப்பதில் பயனில்லை. ஐந்து பேரை உட்கார வைத்து, டேங்க்கை நிரப்பி அளந்து பாருங்கள், 40 லிட்டர் பெட்ரோலே 30 கிலோ. பிறகு பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின் பம்பரின் கீழ் ஓரம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். டேங்க்கின் எந்தப் பகுதியும் அந்த நூலுக்குக் கீழே வரக்கூடாது. வந்தால் முதலில் பின் பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள், முப்பது வருஷப் பட்டை தளர்ந்து வண்டி இரண்டு விரல் இறங்கியிருக்கும். பட்டை செட்டைச் சரிசெய்தாலே பல வண்டிகளில் இடி நின்றுவிடுகிறது, தகடே தேவைப்படாது.

தகடு வேண்டும் என்றால், 3 மி.மீ. இரும்புத் தகடு 60-க்கு 50 செ.மீ. வெட்டினால் 7 கிலோ வரும், அதற்கு மேல் கனம் வேண்டாம். அதை டேங்க்கில் பற்றவைக்காமல், டேங்க் போல்ட்டிலும் தொங்கவிடாமல், சேசிஸ் சட்டத்தில் மாட்டுங்கள். அடி விழுந்தால் அது சட்டத்துக்குப் போக வேண்டும். முன் ஓரம் சறுக்கு மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கட்டும், நேராக விட்டால் ரோட்டில் கிடக்கும் கல்லில் கொக்கி மாதிரி மாட்டும். டேங்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே 20 மி.மீ. வெறும் இடைவெளி இருக்க வேண்டும். வெறும் என்றால் வெறும்தான், சாக்கு, தெர்மாகோல், பழைய மிதியடி, எதுவும் வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் தோல் துண்டுகளை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன், அங்கே அது எளிதாகக் கிடைக்கும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலுள்ள உப்பும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். தகட்டில் கட்டைவிரல் அளவில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள், தண்ணீரும் சேறும் இறங்கட்டும். கழுவும்போது தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டுப் பீச்சுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோது தேங்கிய தண்ணீரில் வண்டியை ஓட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்துத் தகட்டைக் கழற்றினேன், உள்ளே ஒரு சட்டி வண்டல் இன்னும் ஈரமாக இருந்தது.

சொட்டை விழுந்துவிட்டதா? ஆழம் குறைவு, ஓரம் கூர்மையாக இல்லை, வெல்டிங்கைத் தொடவில்லை என்றால் அப்படியே விடலாம். ஆனால் சொட்டைக்கு மேலே உள்ளே பம்போ ஃப்ளோட்டோ இருந்தால் மீட்டர் பொய் சொல்லும், பம்ப் அடி தட்டும், அதைக் கழற்றிப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில் விரிசல், ஈரக்கறை

என் முதல் டேங்க் செத்தது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கார் உடம்பு ஓடும்போது முறுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் நாலு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்காது. நாலு மூலையிலும் காது, அதாவது போல்ட் போட ஓட்டை உள்ள தகட்டுத் துண்டு, பற்றவைத்து டேங்க்கை இறுக்கிவிட்டால் அந்த முறுக்கு முழுவதையும் 1.6 மி.மீ. தகடு வாங்கிக்கொள்கிறது. ஆடி ஆடிக் காது பற்றவைத்த ஓரத்தில்தான் தகடு களைத்து விரியும். அங்கே மறுபடி மறுபடி வெல்டிங் வைத்தால் பக்கத்தில் புதிதாக விரியும், நானே இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.

காதுகளை அறுத்துவிட்டு இரண்டு பட்டியில் தொங்கவிடுங்கள். 30 மி.மீ. அகலப் பட்டி, டேங்க்கைத் தொடும் பக்கம் முழுவதும் 3 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டியிருக்க வேண்டும், டேங்க்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவிலும் அதே ரப்பர். பட்டி உட்காரும் இடத்தில் எபாக்ஸி பிரைமரும் பெயிண்டும் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள், அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும், அங்கேதான் கண்ணும் எட்டாது. கையால் அசைத்தால் அசையக்கூடாது, அதே சமயம் பட்டி தகட்டை அமுக்கிக் கோடு போடவும் கூடாது, அந்த அளவு இறுக்கம். காது வைத்தே ஆக வேண்டிய அமைப்பு என்றால் காதுக்குக் கீழே உள்ளங்கை அளவு கூடுதல் தகடு கொடுத்து, மூலைகளை உருட்டி, மூன்று இடத்தில் மட்டும் ரப்பர் புஷ்ஷோடு மாட்டுங்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போல டேங்க்கும் முறுக்கு வாங்காது.

உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டாலும் விரிசல் வரும். பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பாதி டேங்க் பெட்ரோல் முன் சுவரில் போய் மோதுகிறது. நடுவில் குறுக்காக ஒரு தகடு, அடி மூலைகளில் பெட்ரோல் போய்வரச் சின்ன வெட்டு, மேலே காற்றுக்கு வழி, இவ்வளவு போதும்.

கருப்புப் பூச்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தார் மாதிரி கெட்டியாகப் பூசினால் கல்லடி படாது, உண்மை. ஆனால் அது எங்காவது ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டதும் அடியில் தண்ணீர் புகுந்து வெளியே தெரியாமல் துரு பரவும், கசிவுக் கறையும் அதற்குள் மறைந்துவிடும். வெல்டிங் கோடுகளில் வெறும் பெயிண்ட் மட்டும் இருக்கட்டும், கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல் தெறிக்காமல் இருக்கப் பின் சக்கரத்துக்குப் பின்னால் அகலமான மட் ஃப்ளாப் போடுவது எல்லாப் பூச்சையும்விட மேல்.

ரப்பர் போட்ட பிறகு மீட்டர் முள் ஆடுகிறது

பயப்பட வேண்டாம், எர்த் போய்விட்டது. போல்ட்டில் இருந்தவரை டேங்க் தானாக எர்த் ஆகியிருந்தது, ரப்பர் அதைத் துண்டித்துவிட்டது. ஃப்ளோட் வட்டத்தின் திருகு ஒன்றிலிருந்து சேசிஸ்க்கு ஒரு ஒயர் இழுங்கள். கழுத்துக் குழாயிலிருந்தும் ஒன்று இழுங்கள், நடுவில் ரப்பர் ஓஸ் இருப்பதால் அதுவும் தனித்து நிற்கிறது, பெட்ரோல் பாயும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்க வழி வேண்டும்.

ஃபில்டரில் செம்மண் மாதிரி, அல்லது வெள்ளைப் பொடி

செம்மண் மாதிரி என்றால் உள் துரு, வெள்ளை என்றால் டேங்க்கை ஜி.ஐ. தகட்டில் செய்திருப்பார்கள். ஜி.ஐ. துருப்பிடிக்காது என்று நினைத்துச் செய்வது, ஆனால் எத்தனாலும் ஈரமும் சேர்ந்து துத்தநாகப் பூச்சைக் கரைத்துவிடும். அந்த டேங்க்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

துருவுக்கு, டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து மூடி, ஒரு ராத்திரி நிழலில் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும், பெட்ரோல் எடுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டியைக் கால் டேங்க்கில் நிறுத்தி வைக்காதீர்கள், முக்காலுக்கு மேல் இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறைவு. அடியில் ஒரு குழிவும் வடிகால் போல்ட்டும் வைத்துச் செய்திருந்தால் மழைக்காலம் முடிந்ததும் அரை லிட்டர் வடித்துவிடலாம். உள்ளே ஊற்றும் சீலர் பூச்சைத் துருவின் மேல் அப்படியே ஊற்றாதீர்கள், ஒரு வருஷத்தில் தோலாக உரிந்து வந்து குழாயை அடைக்கும்.

கால் டேங்க்கில் வளைவில் என்ஜின் இருமுகிறது. டேங்க் தொட முடியாத சூடு

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, டேங்க் சரியாகச் செய்திருக்கிறதா என்று காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு பக்க வளைவில் மட்டும் இருமினால் பெட்ரோல் மறுபக்கம் ஒதுங்குகிறது, முன்னே சொன்ன தடுப்பும் அடிக் குழிவும்தான் மருந்து.

சூடு என்றால் சைலன்சர் குழாயைப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை இரண்டு பக்கமும் காற்று ஓடும்படி நிறுத்துங்கள், டேங்க்கில் ஒட்ட வேண்டாம், ஒட்டினால் சூட்டைக் கடத்திக்கொண்டு வந்து சேர்க்கும்.

காகித விஷயம் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவுச் சான்றில் இருக்கும் விவரத்தோடு ஒத்துப்போகாத மாற்றம் செய்யக்கூடாது. கெட்டுப்போன டேங்க்குக்குப் பதில் அதே இடத்தில், அதே அளவில் இன்னொன்று மாட்டுவது வேறு, கேஸ் சிலிண்டர் வைப்பது வேறு. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் 5 லிட்டர் மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் நிறுத்தி, அடியில் காய்ந்த அட்டையை விரித்துப் பாருங்கள். அப்புறம் நிரப்பி மறுபடி பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு பட்டி நட்டுகளை ஒருமுறை தொட வேண்டும், ரப்பர் அமுங்கி உட்கார்ந்ததில் அரைச் சுற்று தளர்ந்திருக்கும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.